குரல் தெரிந்தால் கை தூக்க வேண்டும்

“மாமா வீட்டுல எல்லாருக்கும் ஸ்பூன் குடுக்கறாங்க. எனக்கு மட்டும் ஏம்மா இல்ல?”

என் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. என் அண்ணன் வீட்டுக் கூடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். அண்ணனின் பிள்ளைகள் இருவரும் கிண்ணத்தில் ஐஸ்கிரீமைத் தோண்டித் தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள். இவள் விரலால் வழித்து, முழங்கைவரை ஒழுகவிட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.

அவளுக்கு வலிப்பு வர ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்தே அண்ணன் தன் பிள்ளைகளை அவளோடு ஒரே அறையில் படுக்க விடமாட்டான். போய் ஒரு மணி நேரம் ஆனதுமே, “கிளம்பறீங்களா, பஸ் கூட்டமாயிடும்” என்பான். ஒருமுறை அண்ணியிடம், “தொத்திக்கும்ங்கறாங்க, எதுக்கு வம்பு” என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. ஆகவே ஸ்பூன் விஷயமும் அந்தக் கணக்குதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

“அவ எச்சில் அவ்வளவு அசிங்கமாப் போச்சா?” என்றேன்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை அதோடு தீர்ந்திருக்கும். சொல்லாததால் நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். “தம்பி உன் கையால போனது போதும். என் பொண்ணை விட்டுடு.”

எங்கள் தம்பி நாலு வயதில் இறந்துபோனான். காய்ச்சலில் வலிப்பு வந்து, பெரியவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில். அப்போது அண்ணன் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டான் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். என்ன செய்தான் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஏழு வயதில் கேட்கத் தெரியவில்லை, பிறகு கேட்கத் துணிவில்லை. அன்றிலிருந்து அப்பா அண்ணனுடன் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பெயரைச் சொல்லமாட்டார். ‘அவன்’ என்பார். அம்மா இருந்தவரை இருவருக்கும் நடுவில் நின்று இவர் பேச்சை அவனுக்கும் அவன் பேச்சை இவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மா போனபின் அப்பா என்னோடு வந்துவிட்டார்.

ஐஸ்கிரீம் சண்டை நடந்து நாலு வருஷம் ஆகிறது. அதன் பிறகு போக்குவரத்து குறைந்து, ஃபோனில் நலம் விசாரிப்பதோடு நின்றுபோனது.

நான் இப்போது பார்க்கும் வேலை கேட்கிற வேலை. மனிதர்களின் கெடுதலான நம்பிக்கைகளையும் பழக்கங்களையும் எப்படிக் குறைக்கலாம் என்று ஆராய்கிற ஓர் அலுவலகம். எங்கள் பிரிவுக்கு வந்தது வலிப்பு. தொத்தும், தொடக் கூடாது, தனியாக வைக்க வேண்டும், வாயில் இரும்பு வைத்தால் நிற்கும் என்று நம்புகிற வீடுகளை முதலில் கணக்கெடுத்தார்கள். அதில் பாதி வீடுகளுக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும் போகும். மீதிப் பாதிக்கு ஒரு பெண் மூன்று முறை நேரில் போவாள். போய் வாதாடக் கூடாது, பாடம் நடத்தக் கூடாது. கேட்க வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் தன் வாழ்க்கையில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு வர வேண்டும். எது மனதை மாற்றுகிறது என்று வருஷக் கடைசியில் பார்ப்பார்கள்.

போகிறவள் சொன்னபடி செய்கிறாளா என்று சரிபார்ப்பது நாங்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு செய்த பதிவுகள் வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் நொடி பார்க்கும் கடிகாரத்தோடு கேட்க வேண்டும். குறுக்கே பேசினாளா, அறிவுரை சொன்னாளா, கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தாள் என்று தாளில் எழுத வேண்டும். ஐந்து நொடிக்கு ஒரு மதிப்பெண், பத்துக்கு இரண்டு.

“எங்க வீட்ல யாராவது அஞ்சு நொடி வாயை மூடிக்கிட்டு இருந்தா, மூச்சு இருக்கான்னு போய்ப் பாப்போம்” என்பாள் பக்கத்து நாற்காலிக்காரி. எதையும் இரண்டு தடவை ஓட்டிக் கேட்பதால் அவளுக்கு ‘ரிவைண்டு’ என்று பெயர்.

ஒரு விதி உண்டு. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். குரல் தெரிந்த குரலாக இருந்தால் உடனே ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கை தூக்க வேண்டும். அந்தப் பதிவு வேறொருவருக்குப் போகும். கேள்வி கிடையாது, குற்றம் கிடையாது. ரிவைண்டுகூட ஒருமுறை தன் பழைய வாத்தியார் குரலைக் கேட்டுக் கை தூக்கியிருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு வந்தது இருநூற்றுப் பதினாலாம் எண் பதிவு. அந்த வீட்டுக்குப் போனவள் ‘மெதுவக்கா’, அது நாங்கள் வைத்த பெயர். அவளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். படி ஏறிய மூச்சு வாங்கல் அடங்கும்வரை பேச ஆரம்பிக்கவே மாட்டாள்.

“வலிப்பு இருக்கறவங்களைத் தனியா வைக்கணும்னு சொல்லியிருக்கீங்க,” என்றாள் அவள். “அதை எவ்வளவு நம்பறீங்க? பத்துக்கு ஒரு நம்பர் சொல்லுங்களேன்.”

“ஒன்பது.”

“ஏன் பத்து இல்ல?”

தொண்டையைக் கனைக்கும் சத்தம் வந்தது.

என் கை ஹெட்போனுக்குப் போனது. போய், அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கனைப்பை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். கை தூக்க வேண்டும் என்று தெரியும். என் மகளைப் பற்றி அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்டுவிட்டுத் தூக்கலாம் என்று நினைத்தேன். ஒரே ஒரு வாக்கியம்.

“என்னங்க, பத்து போட்டாத்தான் பாஸா?” என்றான் அண்ணன். அவள் சிரிக்காமல் காத்திருந்தாள். வழக்கம் விடவில்லை, என் கட்டைவிரல் கடிகாரத்தை அழுத்தியது. பதினான்கு நொடி.

“ஒன்பதுங்கறதே சும்மா சொன்னது,” என்றான். “தொத்தும்னு நான் நம்பலை. தொத்தும்னு சொல்லிட்டா அந்தக் குழந்தையை ரொம்ப நேரம் இங்க வச்சுக்க வேண்டியதில்ல பாருங்க.”

“எந்தக் குழந்தை?”

“தங்கச்சி பொண்ணு. இங்க இருக்கும்போது வந்துடுச்சுன்னா? ஆளாளுக்கு ஓடுவாங்க, கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டு வருவாங்க. ஒரு ஸ்பூன் அவ வாய்க்குப் பக்கத்துல போனாலே என்னால பாக்க முடியாது. அவளுக்கு ஸ்பூன் போடாதேன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். ஏன்னு சொல்லலை.”

மறுபடி காத்திருப்பு. இந்த முறை நான் கடிகாரத்தை அழுத்தவில்லை.

“எங்க தம்பி அப்படித்தான் போனான்,” என்றான். “வெட்டி வெட்டி இழுக்குது. நான் கையைப் புடிச்சுக்கிட்டிருக்கேன். தங்கச்சி ஓடிப்போய் ஸ்பூன் எடுத்துட்டு வந்தா. பல்லுக்கு நடுவுல வைக்கணும்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கா போல. அவளே வச்சு அழுத்துனா. நான் தடுக்கலை, அதுதான் வைத்தியம்னு நானும் நெனச்சேன். பல்லு உடைஞ்சு உள்ள போயிடுச்சு. அப்பா வந்து யாருடா வச்சதுன்னாரு. நான்னேன்.”

“அப்ப உங்களுக்கு எத்தனை வயசு?”

“பன்னெண்டு. அவளுக்கு ஏழு. அவளுக்கு ஞாபகம் இல்ல. இருக்கவும் வேண்டாம்.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவக்கா, “கொஞ்சம் தண்ணி குடிக்கறீங்களா?” என்றாள்.

அண்ணன் சிரிக்கும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம். “என் வீட்டுக்கு வந்து எனக்கே தண்ணி குடுக்கறீங்க.”

எங்கள் மதிப்பெண் தாளில் தண்ணீர் கொடுப்பதற்குக் கட்டம் இல்லை.

அந்த ஒரு நிமிஷத்தைப் பதினொரு தடவை கேட்டேன். “என்னடி, என் பேரைத் திருடறியா?” என்று ரிவைண்டு என் திரையை எட்டிப் பார்த்தாள். சத்தம் சரியில்லை என்று பொய் சொன்னேன்.

ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ, எங்கள் பழைய வீட்டில் ஸ்பூன் வைக்கும் இழுப்பறை எனக்கு ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் உப்பிப்போய்த் திறக்காது. இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும். இரண்டு கையாலும் இழுத்தது ஞாபகம் வந்தது. அப்புறம் பக்கத்து வீட்டில் உட்காரவைத்து எனக்கு வண்ணப் பென்சில் கொடுத்தது. நடுவில் ஒன்றுமில்லை. அந்த நடுவைத்தான் என் அண்ணன் இருபத்தெட்டு வருஷமாகத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான். அவனைப் பார்த்துத்தான் நான், உன் கையால போனது போதும் என்றேன்.

அன்று பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்ப நடந்து வந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை. துவைத்து மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். “அம்மா, காலை ஆட்டாத, மேஜை ஆடுது, எழுத்து கோணுது” என்றாள் மகள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் நடை தானாக வேகமாயிற்று.

காலையில் விளக்கேற்றிக் கண்ணை மூடினால் எப்போதும் மகளுக்காகக் கேட்பதுதான் முதலில் வரும். மறுநாள் கேட்க வாய் வரவில்லை. கேட்பதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று பட்டது.

ஆனால் யாரிடம் சொல்வது, எதைச் சொல்வது? விதியை மீறிக் கேட்டேன் என்று ஆபீஸில் சொன்னால், பதிவுக்குரியவருக்குத் தெரிந்தவர் ஒருவர் காதில் விழுந்துவிட்டது என்று அவருக்கே தெரிவிப்பார்கள். எங்கள் பயிற்சியில் அதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் ஹெட்போன் மாட்டுகிற ஆபீஸில் இருப்பது அண்ணனுக்குத் தெரியும், எதைக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னதில்லை. கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. எனக்குத் தெரியவே கூடாது என்று அவன் காத்தது போய்விடும். மெதுவக்காவுக்கு முன்னால் முதல்முறையாகத் திறந்த வாயை மூடிக்கொள்வான். மீதி இரண்டு வருகையும் நின்றுபோகும். என் மகள் அந்த வீட்டுக்குள் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கக் கிடைத்த ஒரே வழி, அதுவும் அடைபடும்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தாளில் மதிப்பெண் போட்டு, கையெழுத்துப் போட்டு, தட்டில் வைத்துவிட வேண்டியதுதான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அந்தத் தாளை மேஜையிலிருந்து பைக்கும் பையிலிருந்து மேஜைக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். “அதை என்ன கோழி மாதிரி அடைகாக்கற?” என்றாள் ரிவைண்டு. அவளுக்குச் சிரித்துக் காட்டினேன்.

சொல்லாமல் இருப்பது அண்ணனைக் காப்பாற்ற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அவனைக் கேட்காமல் அவன் நெஞ்சுக்குள் கைவிட்டு எடுத்ததை, அவனுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு, அவன் நல்லதுக்குத்தான் என்று சொல்வது திருட்டுக்கு வக்காலத்து வாங்குவது. வியாழக்கிழமை காலை பெரிய மேடத்தின் அறைக்கதவைத் தட்டினேன்.

பெரிய மேடம் ஆய்வின் தலைவி. எதையும் எழுதிக்கொண்டேதான் கேட்பார். நான் முடிக்கும்போது பேனாவை வைத்துவிட்டிருந்தார்.

“எப்பத் தெரிஞ்சுது?”

“முதல் நிமிஷத்துலயே மேடம்.”

“முழுசாக் கேட்டீங்களா?”

“முழுசா. திரும்பத் திரும்ப.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“அவருக்குச் சொல்லியாகணும்,” என்றார். “யாருன்னு சொல்லமாட்டோம். அவர் அழிக்கச் சொன்னா அழிச்சிடுவோம், விலகறேன்னா விட்டுடுவோம். நீங்க இனிமே கேட்கற வேலையில இருக்க முடியாது. ஃபைல் அறைக்கு மாத்தறேன். அவர் சொன்னது எதுவும் உங்க வாயிலேர்ந்து வரக் கூடாது, வீட்டுக்காரர்கிட்டகூட. புரியுதா?”

“புரியுது மேடம்.”

“உட்காருங்க,” என்றார் அதற்கப்புறம். “முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. உட்கார்ந்துட்டுப் போங்க.” ஐந்து நிமிஷம் நான் உட்கார்ந்திருந்தேன், அவர் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் நான் கால் ஆட்டாமல் உட்கார்ந்த ஐந்து நிமிஷம் அதுதான்.

ஃபைல் அறையில் ஜன்னல் இல்லை. எண் வரிசைப்படி தாள்களை அடுக்க வேண்டும். இருநூற்றுப் பதினாலு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன், மூடினாலும் எண் தெரியும். ஃபோன் ஒலித்தால் எந்த எண்ணில் இருந்தேன் என்பது மறந்துபோகும். ஒலிக்காவிட்டாலும் அப்படியே. பன்னிரண்டு நாள் போயிற்று.

பதின்மூன்றாம் நாள் மதியம் அண்ணன் கூப்பிட்டான். வாசலுக்கு வெளியே போய் எடுத்தேன்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சுண்ணா.”

“அப்பா?”

“இருக்காரு.”

தொண்டையைக் கனைத்தான். “ஆபீஸ்ல எல்லாம் நல்லாப் போகுதா?”

“வேற வேலைக்கு மாத்திட்டாங்க.”

“ஏன்?”

“ஒரு தப்புப் பண்ணிட்டேன். நானே போய்ச் சொல்லிட்டேன்.”

அவன் பேசவில்லை. கடிகாரம் இல்லாவிட்டாலும் என் தலைக்குள் நொடி ஓடியது. இருபதைத் தாண்டியபின் விட்டுவிட்டேன்.

“சொல்லிட்டியா,” என்றான் கடைசியில். “சின்ன வயசுல உனக்கு அந்தப் பழக்கம் கிடையாதே. என் பலப்பத்தையெல்லாம் நீதான் தின்னுட்டு, எலி தின்னுடுச்சும்ப.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஏதோ ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது.

“இங்க ஒரு அக்கா வராங்க,” என்றான். “என்னத்தையோ ஆராய்ச்சி பண்றாங்களாம். இன்னும் ரெண்டு தடவை வரணுமாம். வேணாம்னா நிறுத்திக்கலாம்னு லெட்டர் வந்துச்சு. வரட்டும்னுட்டேன். பாவம், மூச்சு வாங்க ஏறி வராங்க.” கொஞ்சம் விட்டு, “பாப்பாவுக்கு லீவு எப்ப?” என்றான்.

“சனிக்கிழமையிலேர்ந்து.”

“சரி. அவளுக்கு வந்துட்டா என்ன பண்ணணும்னு என் பசங்களுக்கு ஒரு தடவை வந்து சொல்லிக் குடு. எனக்கும்.”

“பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வைக்கணும். வாயில எதையும் வைக்கக் கூடாது. கூடவே இருக்கணும். அவ்வளவுதாண்ணா.”

“அவ்வளவுதானா,” என்றான்.

அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதிவைக் கேட்டது நான்தான் என்று அவனுக்குத் தெரியும், அது எனக்கும் தெரியும். அவனாகத் திறக்காத கதவை நான் தட்டக் கூடாது.

மறுநாள் எனக்கு அரை நாள் விடுப்பு. மகள் பள்ளிக்கூடத்தில், என் கணவர் வேலையில். அப்பாவைப் பின்பக்க பால்கனியில் முக்காலியில் உட்காரவைத்து, வெந்நீரில் காலை ஊறவைத்து, நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். கண் சரியாகத் தெரியாததால் சில மாதங்களாக அது என் வேலை.

மேடம் சொன்னதை இரவும் பகலும் யோசித்திருந்தேன். அண்ணன் சொன்னதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் செய்தது என்னுடையது. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியதுதான். சரியான பக்கத்தில்தான் நின்றேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

“அப்பா,” என்றேன். “தம்பி வாயில அன்னிக்கு ஸ்பூனை வச்சது நான்.”

அவர் கால் என் கையில் இருந்தது. அது அசையவில்லை.

“இழுப்பறை திறக்கல. ரெண்டு கையாலயும் இழுத்தேன். எடுத்தது நான், வச்சது நான். அண்ணன் இல்ல.”

“அவன்தான் சொன்னான்,” என்றார் அப்பா. “நான்தான்னு அவனே சொன்னான்.”

“அப்ப எனக்கு ஏழு வயசுப்பா.”

கீழே யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அது நிரம்பி, வழிந்து, யாரோ வந்து குழாயை மூடினார்கள். அப்பா வெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் என்னை அடிக்கட்டும், திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் கையை நீட்டி என் தலையில் வைத்தார், வைத்தது தெரியாததுபோல் எடுத்துக்கொண்டார்.

“இதை அவன்கிட்டப் போய்ச் சொல்லாதீங்கப்பா, நான் சொன்னேன்னு.”

“சொல்லல,” என்றார்.

மற்றக் காலை எடுத்துத் துடைத்தேன். பெருவிரல் நகம் கல்லாக இருந்தது. பாதி வெட்டும்போது அவர் கேட்டார்.

“அவன் வீடு எத்தனாவது மாடி?”

“மூணாவது.”

“லிஃப்ட் இருக்கா?”

“இல்லப்பா.”

காலை இழுத்துக்கொண்டு, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“மாடிக்கு மாடி உக்காந்து உக்காந்து ஏறலாம்,” என்றார்.